பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றிய பாடம்

வரலாற்று ஆசிரியர்களான உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறேன். ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் என்ற கணக்கிலிருந்து தொடங்காதீர்கள். மாணவர்கள் அதை நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள்.

தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளி. 1994 ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதும் ஹுட்டு இனத் தீவிரவாதிகள் சிறுபான்மை இனத்தவரான டுட்சி மக்களை வெட்டத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியில் ஐ.நா. படையின் பெல்ஜியம் வீரர்கள் முகாமிட்டிருந்தார்கள். அவர்களை நம்பிச் சுமார் 2,000 பேர் அங்கே ஓடிவந்தார்கள். வெளியே கொலைக்கும்பல் அரிவாளோடு காத்திருந்தது. ஏப்ரல் 11 அன்று வீரர்களுக்குப் புறப்படச் சொல்லி உத்தரவு வந்தது. எங்களை நீங்களே சுட்டுவிட்டுப் போங்கள் என்று மக்கள் கெஞ்சியதாக உயிர்தப்பியவர்கள் சொல்கிறார்கள். வண்டிகள் கிளம்பின. கும்பல் உள்ளே வந்தது. பெரும்பாலானவர்களை அன்றைக்கே நியான்சா என்ற இடத்துக்கு நடத்திச் சென்று கொன்றார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நாட்களில் கும்பலை உள்ளே விடாமல் வைத்திருந்தது எது? துப்பாக்கியோடு சிலர் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான். அப்படியென்றால் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கும் பலம் உண்டு, அவர் விலகிப் போவதும் ஒரு செயல்தான். நம் மாணவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அப்புறம் நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். வீரர்களை யார் திரும்ப அழைத்தது? ஏப்ரல் 7 அன்று தன் வீரர்கள் பத்துப் பேரைப் பறிகொடுத்த பெல்ஜியம் அரசு. அதற்கு முன்னால்? அந்த ஐ.நா. படையின் தளபதி ரோமியோ டலேர், ஆயுதக் கிடங்குகள் பற்றியும் டுட்சிகளின் பெயர்ப்பட்டியல் தயாராவது பற்றியும் ஜனவரி 11 அன்றே நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்துக்குத் தந்தி அனுப்பியிருந்தார். கிடங்கைச் சோதனையிட அவருக்கு அனுமதி தரவில்லை. ஏப்ரல் 21, கொலை உச்சத்தில் இருந்த நேரம், ஐ.நா. பாதுகாப்பு அவை அந்தப் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. இனப்படுகொலையைத் தடுப்பதற்கான 1948 உடன்படிக்கையின்படி செயல்பட வேண்டியிருக்கும் என்பதால் அமெரிக்க அதிகாரிகள் ‘இனப்படுகொலை’ என்று சொல்லவே பல வாரம் தயங்கினார்கள். இவர்களில் யாரும் அரிவாளைத் தொடவில்லை. எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. உங்கள் மாணவர்களுக்கும் வரட்டும்.

கோபத்தோடு விட்டுவிடவும் கூடாது. செனகல் நாட்டு ராணுவ அதிகாரி ம்பாயே டியாங், ஐ.நா. பார்வையாளராக வந்தவர். சாலைத் தடுப்புகளில் சிரித்துப் பேசியும் சிகரெட் கொடுத்தும் ஒரு தடவைக்குச் சிலராக வண்டியில் ஏற்றி, நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். மே 31 அன்று குண்டு பட்டு இறந்தார். ஜூரா கருஹிம்பி நாட்டு வைத்தியம் பார்த்த பெண். சூனியக்காரி என்று ஊர் தன்னைப் பார்த்துப் பயந்ததையே பயன்படுத்தி, வீட்டில் பலரை ஒளித்துவைத்துக் கும்பலை விரட்டினார்.

‘நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று மட்டும் வகுப்பில் கேட்காதீர்கள். எல்லோரும் வீரராகிவிடுவார்கள். அன்றைக்கு இவருக்கு என்ன தெரியும், இவரால் என்ன முடிந்திருக்கும், ஏன் செய்தார், ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள். அடுத்த தேர்வில், இறந்தவர் எத்தனை பேர் என்ற ஒரு மதிப்பெண் கேள்வியை எடுத்துவிட்டு, ஜனவரி 11 முதல் ஏப்ரல் 21 வரை யார் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.