கிராம சபையில தீர்மானம் போட்டும் வேலை வரலையே, ஏன்?

அடுத்த கேள்வி. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "சார், ஆகஸ்ட் 15 கிராம சபையில சுடுகாட்டுப் பாதை வேணும்னு தீர்மானம் போட்டோம். பாதை வரல. நல்லா இருந்த தெருவுலயே மறுபடியும் சிமெண்ட் ரோடு போட்டுட்டாங்க. மக்களைக் கேக்குறதெல்லாம் கண்துடைப்புதானா?"

கோவம் நியாயந்தான் தம்பி. ஆனா அந்தத் தீர்மானத்துல என்ன எழுதினாங்கன்னு படிச்சீங்களா?

எங்க ஊர்லயும் இப்படி ஒரு கூத்து நடந்துச்சு. கீழ்த்தெரு பொம்பளைங்க காலிக் குடத்தோட வந்து உக்காந்தாங்க. ஒரு மணி நேரம் சத்தம். நோட்டுல ஏறினது என்னன்னா, "குடிநீர் வசதி மேம்படுத்துதல்". அவ்ளோதான். எந்தத் தெருன்னு இல்ல. மினி டேங்க் வந்துச்சு, மேல்த்தெருவுல. ஏற்கெனவே இருந்த டேங்குக்குப் பக்கத்துலயே! கேட்டா, "தீர்மானப்படிதான் செஞ்சோம்"னாங்க. பொய்யும் இல்ல. நாங்கதான் வெறும் பக்கத்துல வரிசையா கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கக் கெளம்பிட்டோமே.

உங்க விஷயத்துல இன்னொரு சிக்கல் இருக்கலாம். அந்தப் பாதை யாரு பேர்ல இருக்கு? நடுவுல பத்தடி யாராச்சும் பட்டா நிலமா இருந்தாலும் ஓவர்சியர் எஸ்டிமேட் போட மாட்டாரு. தனியார் நிலத்துல ஊராட்சி காசு போட முடியாது. நிலத்துக்காரர் ஊராட்சி பேருக்கு தானமா எழுதிக் குடுக்கணும். அதனால மொதல்ல ஈ-சேவை தளத்துல அ-பதிவேடும் (எந்த சர்வே நம்பர் யார் பேர்ல இருக்குன்னு சொல்ற பதிவு) புலப்படமும் (நிலத்தை அளந்து போட்ட வரைபடம்) பாருங்க. வண்டிப்பாதை புறம்போக்குன்னு, அதாவது அரசு நிலம்னு இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அப்புறம் காசு. மத்திய அரசு ஊராட்சிகளுக்கு 2021-26க்குக் குடுத்த 15வது நிதிக்குழு மானியத்தையே எடுத்துக்கோங்க. அதுல 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்குன்னு கட்டிப்போட்ட பணம். மிச்சம் 40க்குத்தான் ரோடு, பாதை, சிறுபாலம் எல்லாம் அடிச்சுக்கணும். நமக்கு நாமே திட்டம்னா மக்கள் பங்கு மூணுல ஒண்ணு. சுடுகாட்டுப் பாதைக்கு ஊரே சேர்ந்து போடும், என்னைக் கேட்டா அது நல்ல வழிதான்.

அடுத்த சபைக்குப் போறப்ப தீர்மானத்தை நீங்களே எழுதி எடுத்துட்டுப் போங்க. சர்வே நம்பர், எங்கேர்ந்து எது வரைக்கும், எத்தனை மீட்டர், எந்த நிதி, எத்தனாவது முன்னுரிமை. தலைவர் கையில குடுங்க, சத்தமா படிக்கச் சொல்லுங்க, நோட்டுல ஏறினப்புறம் கையெழுத்து போடுங்க. கோரமும், அதாவது சபையில குறைஞ்சது எத்தனை பேர் இருக்கணுங்கறதையும் பாத்துக்கோங்க. 500க்கு மேல 3,000 வரைக்கும் ஜனத்தொகைன்னா 100 பேர் இருக்கணும். இல்லன்னா அந்தக் கூட்டமே செல்லாது.

வேலூர் மாநகராட்சிக்குள்ள இருக்கவங்களுக்கு கிராம சபை கெடையாது. 60 வார்டுக்கும் பகுதி சபைதான். அதைத் தனியா ஒரு வீடியோவுல பேசுவோம்.

வருஷத்துக்கு ஆறு சபை இருக்கு தம்பி. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு, அதாவது அடுத்த வருஷம் செய்யப்போற வேலைப் பட்டியலுக்கு வேலைய அடுக்குறது பெரும்பாலும் அக்டோபர் 2 சபையிலதான். அதுக்குள்ள அந்தப் புலப்படத்தை எடுத்துடுங்க.