என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்வில் வாழ்ந்துகாட்டுவது குறித்துப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். நம்பிக்கை, சுயாதீனம், ஐக்கியம் ஆகிய மூன்றையும் தனித்தனியே விளக்குவதைவிட, அவை மூன்றும் கூடிவரும் ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. பல ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்ப வாசித்துவரும் கடிதம் அது.

வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலனாகிய பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதிய நிருபத்தைத்தான் சொல்கிறேன். ஒரே அதிகாரம், 25 வசனங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள தீத்து, எபிரெயர் ஆகிய நிருபங்களுக்கிடையே புரட்டும்போது விரலுக்குத் தப்பிவிடக்கூடிய அளவு சிறியது. சபைகளில் இதை வைத்துப் பிரசங்கம் செய்வதும் அரிது. அது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

பிலேமோன் வசதியுள்ள விசுவாசி. அவருடைய வீட்டிலே சபை கூடிவந்தது. அவருடைய அடிமை ஒநேசிமு அவரைவிட்டுப் பிரிந்துபோய், காவலில் இருந்த பவுலிடம் வந்துசேர்ந்து, அங்கே விசுவாசியானான். "என் கட்டுகளில் நான் பெற்ற என் மகன்" என்று பவுல் அவனைக் குறிப்பிடுகிறார். அந்த மகனைத்தான் அவர் பிலேமோனிடம் திருப்பி அனுப்புகிறார்.

இந்த இடத்தில் சற்று நிற்போம். ரோம ஆட்சியில், எஜமானைவிட்டுப் போன அடிமையைக் கடுமையாகத் தண்டிக்க எஜமானுக்கு உரிமை இருந்தது. அப்படியிருக்க, ஒநேசிமு ஒரு கடிதத்தை நம்பி அந்த வாசலுக்குத் திரும்பிச் செல்கிறான். பிலேமோன் கைவிடமாட்டார் என்று பவுல் நம்புகிறார். தனக்கு நஷ்டம் உண்டாக்கியவன் மாறியிருக்கிறான் என்பதைப் பிலேமோன் நம்பவேண்டும். விசுவாசம் என்றால் கடவுளை நம்புவது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கடவுளை நம்புகிறவன் தன்னைப் புண்படுத்தக்கூடிய இன்னொரு மனிதனையும் நம்பத் துணியும் இடத்தில்தான் அந்த விசுவாசம் நடைமுறைக்கு வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது சுயாதீனம். கட்டளையிட எனக்குத் துணிவுண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் மன்றாடுகிறேன் என்கிறார் பவுல். நீர் செய்யும் நன்மை "கட்டாயத்தினாலல்ல, மனப்பூர்வமாய்" இருக்கவேண்டும் என்பதே அவர் சொல்லும் காரணம். நேயர்களே, கட்டளையிட அதிகாரம் உள்ளவர், செய்து முடிக்கவேண்டிய காரியம் அவசரமானது, ஒரு மனிதனின் உயிரே அதில் அடங்கியிருக்கலாம். அப்படியிருந்தும் பிலேமோன் மறுத்துவிடக்கூடிய இடத்தை அவர் அடைத்துவிடவில்லை. நம் வீடுகளிலும் சபைகளிலும் ஜெபத்தையும் காணிக்கையையும் மன்னிப்பையும்கூட நாம் எத்தனை முறை கட்டாயப்படுத்திப் பெற்றிருக்கிறோம்! அப்படிப் பெற்ற மன்னிப்பு உதட்டளவில் நின்றுவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கலாத்தியருக்கு எழுதும்போதும் அவர் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்: சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள், ஆகவே அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்.

இதே கடிதம் சுயாதீனத்திற்கு எதிராகவும் பயன்படுத்தப்பட்டது என்பதை மறைக்கக் கூடாது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க வகைசெய்யும் சட்டம் 1850-இல் அமெரிக்காவில் வந்தபோது, பவுலே அனுப்பிவைக்கவில்லையா என்று அதன் ஆதரவாளர்கள் வாதாடினார்கள். அவர்கள் 16-ஆம் வசனத்துக்குச் செவிகொடுக்கவில்லை. இனி அடிமையானவனாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படியல்லவா அங்கே எழுதியிருக்கிறது! சகோதரனாக ஏற்றுக்கொண்ட ஒருவனை அடுத்த நாள் காலையில் உடைமையாக நடத்துவது எப்படி?

என் மனத்தை மிகவும் ஆட்கொண்ட வரி இனிமேல்தான் வருகிறது. அவன் உமக்கு அநியாயம் செய்திருந்தாலும் கடன்பட்டிருந்தாலும், "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார் பவுல். இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நானே செலுத்தித் தீர்ப்பேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார். நஷ்டம் நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை, பிலேமோனை மறந்துவிடச் சொல்லவுமில்லை. நஷ்டத்தை ஒருவர் ஏற்றாகவேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த ஒருவராகத் தம்மையே நிறுத்துகிறார். சிலுவையைப் பற்றி நீண்ட விளக்கம் எதுவும் இந்தக் கடிதத்தில் கிடையாது. ஆனால் சிலுவையால் மாற்றம் பெற்ற ஒரு மனிதன் பிறருடைய சண்டையின் நடுவே எப்படி நிற்பான் என்பதை இந்த ஒரு வரியைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொரு வரியை நான் கண்டதில்லை.

ஐக்கியத்தைக் குறித்து விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். எனக்களித்த நேரம் முடிவடைகிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. அப்பியாளுக்கும் அர்க்கிப்புக்கும் அந்த வீட்டிலே கூடிவரும் சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஆகவே ஒநேசிமுவை ஏற்றுக்கொள்ளும் பாரம் பிலேமோனின் தோள்மேல் மட்டும் விழவில்லை. அங்கே கூடியிருந்த ஒவ்வொருவரும் அதில் பங்காளி. உங்கள் ஐக்கியத்தில் மனத்தாங்கலால் விலகிப்போன ஒருவர் இருந்தால், அவரை மீண்டும் அழைக்கும் பொறுப்பைப் போதகரிடம் விட்டுவிடாமல், அவரால் உண்டான நஷ்டத்தில் எதை யார் ஏற்பது என்று இந்த வாரமே கூடிப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.