தெருமுனையில் ஒரு சுற்று

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையின் மனதில் நிலைப்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய கொண்டாட்டமா, அன்றாடம் வீட்டில் நடக்கும் சின்னச் சின்ன வழக்கமா? சின்ன வழக்கம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர் போகிற போக்கில் ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். "தினமும் நடக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் பாரம்பரியம் என்பீர்களா? எங்கள் வீட்டுக் குழாய்கூடத்தான் தினமும் சொட்டுகிறது, அதற்கும் மாலை போடலாமா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டலாம், நல்ல வசனம். ஆனால் அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அப்பா, அம்மா, நாலு வயதுப் பையன். ஒருநாள் காலை நல்ல மழை. அப்பா குடையை விரித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். பையன் ஜன்னலில் நிற்கிறான். தெருமுனையில் ஒரு காற்று. குடை மேல்பக்கமாக மடங்கிக்கொண்டது. அதைப் பிடிக்கப் போய், அந்த மனிதர் நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டார். ஜன்னலில் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் மழை இல்லை, காற்று இல்லை, குடையும் இல்லை. அப்பா தெருமுனைக்குப் போனதும் ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "அப்பா, சுத்து!"

அலுவலகத்தில் அவர் முன்னால் நாலு பேர் கைகட்டி நிற்பார்கள். சட்டை கசங்காமல் போகிற மனிதர். சுற்றும்முற்றும் பார்த்தார். சுற்றினார். அப்புறம் அது தினசரி வேலையாகிவிட்டது. பேருந்தை விட்டாலும் விடுவார், சுற்றை விடமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் பதறிப்போய், "என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். இன்னொரு நாள் மேலதிகாரி ஃபோனில் பிடித்துக்கொண்டார். இவர் காதில் ஃபோனோடு, "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சுற்று!

இருங்கள், இன்னும் முடியவில்லை. அந்த வீட்டுக்குத் தாத்தா வந்தார். சத்தமாகச் சிரித்தே யாரும் பார்க்காத தாத்தா. நாலு நாள் இருந்துவிட்டுக் கிளம்பினார். கையில் பை, மறுகையில் ஊன்றுகோல். எல்லாரும் ஜன்னலில். தெருமுனைக்குப் போய்விட்டார். பையன் கத்தினான்: "தாத்தா, சுத்து!" அம்மா அவன் வாயைப் பொத்தப் போனாள். தாத்தா நின்றார். பையைக் கீழே வைத்தார். ஊன்றுகோலை நட்டுவைத்தார். மெதுவாக ஒரு காலை எடுத்து வைத்தார். அடுத்த காலை எடுத்து வைத்தார். கொஞ்சம் பொறுங்கள், அவர் இன்னும் பாதிச் சுற்றுதான் வந்திருக்கிறார்... முழுச் சுற்றும் வந்தார்! வந்துவிட்டு, ஊன்றுகோலைத் தூக்கி ஜன்னலைப் பார்த்து ஆட்டினார் பாருங்கள், அந்தப் பையனின் அப்பாவே தன் அப்பாவை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது குழாய்க்கு வருகிறேன். உங்கள் வீட்டுக் குழாய் சொட்டுவது நின்றால் என்ன ஆகும்? வீடே நிம்மதியாகத் தூங்கும். அந்தத் தெருமுனைச் சுற்று ஒருநாள் நின்றால்? ஒரு குழந்தை காலைச் சாப்பாட்டைத் தொடாது. தோழரே, எது வெறுமனே நடக்கிறது, எது வழக்கம் என்று தெரிய வேண்டுமானால் அதை ஒருநாள் நிறுத்திப் பாருங்கள்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பார்பரா ஃபீஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும், குடும்ப வழக்கங்கள் பற்றி ஐம்பது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2002இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில வேலைகள், செய்தாக வேண்டுமே என்று செய்வது. சில வேலைகள், நாங்கள் இப்படித்தான் என்று அந்தக் குடும்பம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. இந்த இரண்டையும் அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். பல் தேய்ப்பது முதல் வகை. பல் தேய்க்கும்போது அப்பாவும் மகளும் கண்ணாடியில் ஒருவருக்கொருவர் கோணல்முகம் காட்டிக்கொண்டால், அது இரண்டாம் வகைக்குப் போய்விடுகிறது. குழாய்க்கு இதில் எந்த வகையிலும் இடமில்லை!

முதல் பிறந்தநாள் ஆல்பத்தைப் பற்றி உருகிப் பேசினார் இன்னொருவர். நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய எதுவும் நினைவில் இருப்பதில்லை. அப்போது சின்ன வழக்கம் மட்டும் நினைவிருக்குமா என்பீர்கள். நினைவில் இருக்காது, ஆனால் உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். 2009இல் ஜோடி மிண்டெல் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் ஏழு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை ஆராய்ந்தார்கள். குளியல், உடம்பு பிடித்துவிடுவது, கொஞ்சல், விளக்கணைப்பு என்று இரண்டு வாரம் தினமும் ஒரே வரிசை. குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுவில் விழிப்பது குறைந்தது, அம்மாக்களின் மனநிலையும் தெளிந்தது. ஆல்பத்துக்கு இந்தச் சக்தி உண்டா?

ஒரே கதையைத் தினமும் கேட்டு நச்சரிக்கிறார்கள் என்றும் குறைப்பட்டார்கள். கேட்கட்டுமே! 2011இல் ஜெசிக்கா ஹோர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் மூன்று வயதுக் குழந்தைகளிடம் பார்த்தது இது: புதுப்புதுக் கதை கேட்டவர்களைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள்தான் புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள். அந்தக் குடும்பம் வீடு மாறியது. பொம்மையெல்லாம் வருமா, கட்டில் வருமா என்று பையன் கேட்கவில்லை. புது வீட்டு ஜன்னலில் ஏறி நின்று பார்த்துவிட்டு அழுதான். அந்தத் தெருவில் திருப்பமே இல்லை, நேராகப் போகிற தெரு. "அப்பா எங்க சுத்துவாரு?" என்று கேட்டான். சாமான் பிரிக்காத வீட்டில், அத்தனை வேலையையும் போட்டுவிட்டு அப்பா வெளியே போனார். ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்று, "இங்க தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. அழுகை நின்றது. அந்தக் குழந்தைக்கு வீடு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

எல்லா வீட்டுக் கஷ்டமும் இப்படித் தீர்ந்துவிடாது, எனக்குத் தெரியும். குடியால் உடைந்த வீடுகளில் மனநல மருத்துவர் ஸ்டீவன் வோலின் குழுவினர் செய்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. இரவுச் சாப்பாடு, மாலை நேரம், விடுமுறை நாள் போன்ற வழக்கங்கள் குடியால் குலையாமல் நின்ற வீடுகளில், அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போவது குறைவாக இருந்தது. பண்டிகையும் அந்தப் பட்டியலில் உண்டு, மறைக்கமாட்டேன். ஆனால் பண்டிகை வரும்வரை அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், சொல்லுங்கள்! கையில் காசு இல்லாத மாதத்தில், அம்மா படுக்கையில் கிடக்கிற வாரத்தில், அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாத இரவில், யாராவது ஒருவர் வந்து போர்வையை இழுத்துவிட்டு வழக்கமாகச் சொல்லும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும் என்று படுத்திருக்கிற குழந்தைக்காகத்தான் நான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நேரத்தில் உங்களில் சிலர் வீட்டிலும் ஒரு பிள்ளை தூங்காமல் அடம்பிடித்துக்கொண்டிருக்கும். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்களுக்கே தாருங்கள், சீக்கிரமாகத் தாருங்கள். இவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வணக்கம்.