மௌனத்தை அளக்கும் கணினி

நேயர்களுக்கு வணக்கம்.

எழுத்துகளைப் புள்ளியும் கோடுமான ஓசைகளாக அனுப்பும் மோர்ஸ் குறியீட்டைக் கணினியே கேட்டு எழுதிவிடுமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. எழுதும். புள்ளியையும் கோட்டையும் பிரித்தறிவதில் அதற்குப் பெரிய சிரமம் இல்லை. ஓசைக்கு நடுவே வரும் மௌனத்தை அளப்பதுதான் சிரமம்.

புள்ளி ஒரு அலகு என்றால் கோடு மூன்று அலகு. ஒரே எழுத்துக்குள் ஓர் அடிக்கும் (புள்ளியோ கோடோ) அடுத்த அடிக்கும் நடுவே ஒரு அலகு மௌனம், எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு அலகு என்பது 60 மில்லிவினாடி.

ஆங்கில எழுத்து 'ஏ'யைப் (A) பாருங்கள்: டிட்-டா, அதாவது புள்ளி, கோடு. 'என்' (N) என்பது டா-டிட். இரண்டையும் அடுத்தடுத்து அனுப்பும்போது நடுவிலுள்ள மௌனம் சுருங்கிவிட்டால் டிட்-டா-டா-டிட், அதாவது 'பி' (P) ஆகிவிடுகிறது. அடி ஒன்றுகூட மாறவில்லை.

நான் முதலில் எழுதிய நிரலில் இரண்டு அலகைத் தாண்டினால் எழுத்து முடிந்தது என்று வைத்திருந்தேன். கணினி அனுப்பியதைப் பிசகின்றிப் படித்தது. ஒருவர் கையால் விசையை அழுத்தி அனுப்பியதைக் கொடுத்தேன். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவருடைய கை அவருக்கென்று ஒரு நடை வைத்திருந்தது. எல்லையை அந்தக் கையிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. கையால் அனுப்பும் மோர்ஸை இயந்திரம் படிப்பது பற்றி பெர்னார்ட் கோல்டு 1959-லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். எனக்கு மிகவும் பிடித்த தர்க்கம் ஒன்று உண்டு. எழுத்தோ எண்ணோ, எதிலும் ஐந்து அடிகளுக்கு மேல் இல்லை. ஆகவே உள்ளே நான்கு இடைவெளிக்கு மேல் வராது. அடுத்தடுத்த ஐந்து இடைவெளிகளை எடுத்தால், ஒன்றாவது எழுத்தை முடிப்பதாக இருந்தே தீரும். அவற்றுள் நீளமானதைச் சந்தேகியுங்கள். எந்த வேகத்துக்கும் இது பொருந்தும்.

இரைச்சல் இன்னொரு தொல்லை. எவரும் அனுப்பாதபோதும் திரையில் 'இ' (E), 'ஐ' (I) என்று கொட்டும்; ஒற்றைப் புள்ளியும் இரட்டைப் புள்ளியும் அவைதானே. குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் வடிப்பானை மிகவும் குறுக்கினால் இரைச்சல் குறையும். ஆனால் வடிப்பானின் ஓசை இழுத்துக்கொண்டே போய் அந்த 60 மில்லிவினாடி மௌனத்தை மூடிவிடும். சமிக்ஞை நடுவில் மங்கினால் ஒரு கோடு இரண்டு புள்ளியாக உடையும்.

இப்போது நரம்பியல் வலைப்பின்னல்கள் வந்துவிட்டன. முன்பின் எழுத்துகளைப் பார்த்து, மங்கிய இடத்தை நன்றாகவே நிரப்புகின்றன. சாதாரணச் சொற்களுக்கு அது சரி. வானொலி நிலையத்தின் அடையாளப் பெயரான அழைப்புக்குறிக்கு அது ஆபத்து, ஏனென்றால் அதில் அடுத்து எந்த எழுத்தும் வரலாம். அங்கே ஊகித்தால் வேறொரு நிலையத்தின் பெயர் பதிவாகிவிடும். அதனால் என் நிரலில் சந்தேகமான எழுத்துக்குக் கேள்விக்குறி போடுகிறேன். அனுப்புபவர் அழைப்புக்குறியைப் பெரும்பாலும் இரண்டு முறை சொல்வார். இரண்டாவது முறை வந்ததும், அந்தக் கேள்விக்குறி இருந்த இடத்தை மட்டும் நிரல் மறுபடி அளக்கிறது.