வீட்டுக்குள் துணி காயவைக்க

நேயர்களுக்கு வணக்கம். வெளியே இடமும் நல்ல வெயிலும் இருக்கிறவர்கள் துணியை உதறிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். நான் பேச வந்தது அறைக்குள்ளேயே கொடி கட்டி, இரண்டு நாள் ஆகியும் ஈர வாடை போகவில்லையே என்று தவிக்கிறவர்களிடம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மெஷினில் ஸ்பின் முடிந்து எடுக்கும்போது 5 கிலோ துணியில் இன்னும் 2, 3 லிட்டர் தண்ணீர் இருக்கும். அது அவ்வளவும் காற்றில் கலந்தால்தான் துணி காயும், ஆனால் காற்றுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. நீளம், அகலம், உயரம் எல்லாமே 10 அடி உள்ள ஓர் அறையில் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கிற காற்று மொத்தமாகவே சுமார் 850 கிராம் நீராவியைத்தான் தாங்கும், அதிலும் ஈரப்பதம் ஏற்கெனவே 70 சதவீதம் என்றால் மிச்ச இடம் 250 கிராம்தான். கதவு ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, ஃபேனை மட்டும் ராத்திரி முழுக்க ஓடவிட்டால் அந்த 2 லிட்டர் எங்கே போகும்?

நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன், அதுவும் படுக்கையறையில். சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்த பிறகுதான் துணியில் இருந்த தண்ணீரைச் சுவர் குடித்திருக்கிறது என்று புரிந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கிற வீட்டில் தூங்கும் அறையில் ஈரத்துணி போடவே வேண்டாம், தயவுசெய்து.

ஃபேன் வீண் என்று சொல்லவில்லை. துணியை ஒட்டி நிற்கிற ஈரக்காற்றை அது தள்ளிவிடும், அது பெரிய உதவிதான், ஆனால் தள்ளிய காற்று அறையை விட்டு வெளியே போக ஒரு வழி வேண்டும். எதிரெதிராக இரண்டு ஜன்னல் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு ஜன்னலும் கதவும், அதுவும் இல்லையென்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள இடம். டேபிள் ஃபேனைக் கீழே வைத்துத் துணிகளின் நடுவே காற்று போகிற மாதிரி திருப்பிவிடுங்கள். ஏசியையோ ஈரம் உறிஞ்சும் கருவியையோ போட்டால் மட்டும் ஜன்னலைச் சாத்த வேண்டும், அங்கே தண்ணீர் குழாய் வழியாகவோ தொட்டியிலோ போய்விடுகிறது.

சரி, கொடிக்குப் போகும் முன்பே பாதி வேலையை முடிக்கலாம். துணியைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுவதற்கு ஆகிற மின்சாரம், அதே தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஆவதைவிட மிக மிகக் குறைவு, அதனால் தடித்த துணிக்கு இன்னொரு முறை ஸ்பின் போடத் தயங்காதீர்கள். கையால் துவைத்ததென்றால் காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள், துண்டு எவ்வளவு ஈரத்தை எடுக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

கொடியில் நெருக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளியாவது விடுங்கள். போர்வையை ஒரே கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் உள்பக்கம் காயாது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொடியில் கூடாரம் மாதிரி விரித்தால் நடுவில் காற்று ஓடும். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டுத் தொங்கவிடுங்கள். கம்பளி ஸ்வெட்டரைத் தொங்கவிடவே கூடாது, ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும், தட்டையாகப் பரப்பிவிடுங்கள்.

அப்புறம் அந்த வாடை. சரியாகத் துவைக்கவில்லை என்று நாம் நம்மையே நொந்துகொள்கிறோம். 2012-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அதற்கு முக்கியக் காரணம் மொராக்செல்லா என்கிற பாக்டீரியா என்று கண்டார்கள். துணி எவ்வளவு நேரம் ஈரமாகக் கிடக்கிறதோ அவ்வளவு அது பெருகும், அதனால் துவைத்து முடிந்த துணியை மெஷினுக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். வாடை ஏற்கெனவே ஏறிவிட்ட துண்டுக்கு வாசனைத் திரவம் பயன்படாது. துணி தாங்குமென்றால் 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் திரும்பவும் துவையுங்கள்.

மடித்து வைக்கும் முன் இடுப்புப் பட்டை, காலர், தையல் மடிப்பு இந்த மூன்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் அங்கே தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒன்றை மட்டும் எடுத்து இன்னும் ஒரு மணி நேரம் ஃபேன் முன்னால் போடுங்கள், அலமாரியில் அதன் மேலும் கீழும் இருக்கப்போகிற துணியெல்லாம் தப்பிக்கும். நன்றி, வணக்கம்.