இம்மார்ட்டல்: பத்து ஆல்பங்களில் எது முதலிடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நார்வே நாட்டின் பெர்கன் பகுதியிலிருந்து வந்த இம்மார்ட்டல் என்ற பிளாக் மெட்டல் இசைக்குழுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1992 முதல் 2023 வரை பத்து ஸ்டுடியோ ஆல்பங்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் பத்தையும் கடைசி இடத்திலிருந்து முதலிடம் வரை வரிசைப்படுத்திச் சொல்லப் போகிறேன். இம்மார்ட்டல் ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தாலே இந்த வரிசைக்காக ஒரு சண்டை நடக்கும். அதனால் எதை வைத்து வரிசைப்படுத்துகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிளாக் மெட்டல் கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். கிட்டாரில் ஒரே தந்தியை அதிவேகமாக, விடாமல் மீட்டிக்கொண்டே மெட்டை நகர்த்துவார்கள். டிரம்ஸில் மூச்சுவிட இடமில்லாத பிளாஸ்ட் பீட் என்ற அதிவேகத் தாளம். தொண்டையைப் பிறாண்டிக்கொண்டு வரும் குரல். முகத்தில் வெள்ளையும் கறுப்புமாகச் சாயம். 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் இந்த இசை உருவானபோது இசையைவிடக் குற்றச் செய்திகளால்தான் அதிகம் பேசப்பட்டது. பெர்கனில் இருந்த ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் 1992 ஜூன் மாதம் தீ வைத்து எரிக்கப்பட்டது. அடுத்த மாதமே இம்மார்ட்டலின் முதல் ஆல்பம் வந்தது. ஆனால் இந்தக் குழுவை நடத்திய இருவர், அபாத்தும் டெமோனாஸும், சீக்கிரமே வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். சாத்தானையும் மதப்பகையையும் மற்றவர்களிடம் விட்டுவிட்டுக் குளிர்காலத்தைப் பாட ஆரம்பித்தார்கள்.

பாட்டு வரிகளை எழுதுகிற டெமோனாஸ், பிளாஷிர்க் என்று ஒரு கற்பனை நாட்டையே உருவாக்கினார். உறைந்த மலைகள், அண்டங்காக்கையின் அரசு, சூரியன் எழாத வானம், முடிவில்லாத பனிப்புயல். அந்த நாட்டில் சாதாரண மனிதர்களைப் பார்ப்பதே அரிது. பெர்கனோ மழைக்குப் பேர்போன கடலோர ஊர். சன்னலுக்கு வெளியே தெரிந்ததைப் பார்த்து எழுதிய பாட்டுகள் இல்லை இவை. மனசுக்குள் ஒரு நிலத்தைக் கட்டி, அதற்குள்ளே போய் உட்கார்ந்து எழுதியவை.

நம் பழைய கவிதை மரபில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்பார்கள். இம்மார்ட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். நிலமும் பொழுதும் சரியாக அமைந்துவிட்டால் உணர்ச்சி தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கண்ணை மூடிக் கேட்டால் அந்த நிலம் தெரிகிறதா? வேகத்துக்கும் வாசிப்புத் திறமைக்கும் அதற்கு அப்புறம்தான் மதிப்பெண்.

பத்தாவது இடம் 1997இல் வந்த பிளிஸார்ட் பீஸ்ட்ஸ். மொத்தமே அரை மணி நேரத்துக்கும் குறைவு. ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டுத் துண்டுகள், முறுக்கிக்கொண்டும் திக்கிக்கொண்டும் ஓடுகின்றன. டெத் மெட்டல் என்ற இன்னொரு மெட்டல் வகையின் சாயல் நிறைய. ஒலிப்பதிவு மெலிந்து போயிருப்பதால் கிட்டார் என்ன வாசிக்கிறது என்பதே பாதி நேரம் பிடிபடுவதில்லை. ஹோர்க் என்ற அருமையான டிரம்மர் குழுவுக்குள் வந்த ஆல்பம் இது. அவருடைய உழைப்பும் அந்த ஒலிக்குள் அமுங்கிவிடுகிறது. இருந்தாலும் மவுண்டன்ஸ் ஆஃப் மைட் என்ற பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆறு நிமிடத்துக்கும் மேல் நிதானமாக நடக்கும் அந்தப் பாட்டில், பின்னால் வரப்போகும் பெரிய விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒன்பதாவது, 2000ஆம் ஆண்டின் டாம்ண்ட் இன் பிளாக். திருத்தமான வாசிப்பு, தெளிவான ஒலி, குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் எனக்கு அதில் குளிரே இல்லை. கோபம் இருக்கிறது, நிலம் இல்லை. எகென்ஸ்ட் தி டைட் பாட்டில் மட்டும் காற்று கொஞ்சம் வீசுகிறது.

எட்டாவது, 2023இல் வந்த வார் அகென்ஸ்ட் ஆல். பழைய ஆட்களில் டெமோனாஸ் ஒருவர் மட்டுமே எஞ்சியிருந்து செய்த ஆல்பம் இது. டிரம்ஸில் கெவின் குவாலே, பேஸ் கிட்டாரில் ஐஸ் டேல். நார்ட்லான்டிர் என்ற பாட்டில் சொல்லே கிடையாது, இசை மட்டும்தான். அது வரும்போது ஆல்பம் முழுக்க ஒரு உயரம் ஏறுகிறது. மற்ற பாட்டுகள் ஏற்கெனவே போன வழியிலேயே போகின்றன. அந்த வழி எனக்குப் பிடித்த வழி என்பதால் வருத்தமில்லை.

ஏழாவதாக நான் வைப்பது 2009இன் ஆல் ஷல் ஃபால். இதைச் சொன்னால் கோபப்படுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. 2003இல் கலைந்துபோன குழு மறுபடி ஒன்றுகூடிச் செய்த முதல் ஆல்பம். ஏழு வருடக் காத்திருப்புக்குப் பின் வந்தது. அன்எர்த்லி கிங்டம் என்கிற கடைசிப் பாட்டு கம்பீரமாக எழுந்து நிற்கும். ஆனால் மற்றப் பாட்டுகள் பலவற்றில், தங்களுக்கு எது நன்றாக வரும் என்பதை நன்கு அறிந்தவர்கள் அதை மட்டும் கவனமாகச் செய்தது போலிருக்கிறது. ஆபத்தான இடத்துக்கு ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

ஆறாவது இடம் முதல் ஆல்பத்துக்கு: 1992இன் டயபாலிக்கல் ஃபுல்மூன் மிஸ்டிசிஸம். இதில் பிளாஷிர்க் இன்னும் பிறக்கவில்லை. தலைப்பிலேயே தெரிகிறதே, முழுநிலவும் மாயமும்தான் பொருள். சுவீடனின் பாத்தரி குழுவிடம் கற்றுக்கொண்டதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் மின்சாரம் இல்லாத கிட்டார் ஒலி அங்கங்கே நுழைவதும், வேகம் ஏறி இறங்குவதும் இந்த ஆல்பத்துக்கு ஒரு காட்டுத்தன்மையைக் கொடுக்கின்றன. கடைசியில் ஒன்பது நிமிடம் ஓடுகிற எ பெர்ஃபெக்ட் விஷன் ஆஃப் தி ரைசிங் நார்த்லாண்ட் என்ற பாட்டில் அந்த வடதிசை முதல் தடவையாகத் தூரத்தில் எட்டிப் பார்க்கிறது.

ஐந்தாவது, 1995இன் பேட்டில்ஸ் இன் தி நார்த். குழுவுக்கென்று நிரந்தர டிரம்மர் இல்லாததால், பாடிக்கொண்டும் பேஸ் வாசித்துக்கொண்டும் இருந்த அபாத்தே டிரம்ஸையும் வாசித்தார். வேகம் வெறித்தனமானது. கைக்குக் கிட்டாத வேகத்தைக் கைகள் துரத்துவது கேட்கும்போதே தெரியும், தாளம் அங்கங்கே தடுமாறும். எனக்கு அந்தத் தடுமாற்றம் பிடிக்கும். பனிப்புயலில் நடப்பவன் நேராக நடக்க முடியுமா? ஆனால் பத்துப் பாட்டில் ஒன்பது ஒரே மூச்சில் ஓடுவதால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது கடினம். பத்தாவதாக வரும் பிளாஷிர்க் மைட்டி ரேவன்டார்க் வேறு உயரத்தில் இருக்கிறது. அதில் வேகம் தணிகிறது, மெட்டு அகலமாக விரிகிறது, அந்தக் கற்பனை நாட்டின் வாசல் திறக்கிறது. இந்தக் குழுவின் தேசிய கீதம் என்றே அதைச் சொல்லலாம். அந்த ஒரு பாட்டுக்காகவே ஆல்பம் ஐந்தாவது இடத்தில் இருக்கிறது.

இனி நான்காவது. 2018இல் வந்த நார்தர்ன் கேயாஸ் காட்ஸ். குழுவின் பெயர் யாருக்கு என்ற தகராறுக்குப் பிறகு 2015இல் அபாத் விலகிப்போனார். அபாத் இல்லாமல் இம்மார்ட்டலா என்று கேட்காத ரசிகர் இல்லை. மேடையில் குழுவின் முகமே அவர்தான், அந்தக் கரகரத்த குரலும் அவருடையது. அந்த இடத்தில் டெமோனாஸ் நின்று பாடினார். அதைவிடப் பெரிய செய்தி, அவர் மறுபடி கிட்டாரை எடுத்தார் என்பது. 1997ஆம் ஆண்டு ஆல்பத்துக்குப் பிறகு இம்மார்ட்டல் ஆல்பம் எதிலும் கிட்டார் வாசிக்காதவர் அவர். அந்தக் காரணத்தையும் சொல்கிறேன், பொறுங்கள். இருபது வருடத்துக்கு மேல் உள்ளே அடைத்து வைத்திருந்த ரிஃப்கள் அத்தனையும் இதில் கொட்டுகின்றன. தலைப்புப் பாட்டின் முதல் நொடியிலேயே அது தெரிந்துவிடும். வேர் மவுண்டன்ஸ் ரைஸ் பாட்டில் மெதுவாக ஏறும் அந்த மலையை நான் பார்த்திருக்கிறேன் என்றே சொல்வேன். கடைசிப் பாட்டுக்கு மைட்டி ரேவன்டார்க் என்றே பெயர் வைத்து, 1995இல் திறந்த வாசலுக்குள் இன்னும் ஆழமாகப் போகிறார்கள். அபாத் இல்லாத குறை எனக்குத் தெரிகிறது. ஆனால் நிலத்தை உருவாக்கியவர் டெமோனாஸ், அந்த நிலம் இதில் முழுசாக இருக்கிறது.

மூன்றாவது, 2002இன் சன்ஸ் ஆஃப் நார்தர்ன் டார்க்னெஸ். இம்மார்ட்டலின் ஒலி இதைவிடப் பிரம்மாண்டமாக இருந்ததே இல்லை. டைரன்ட்ஸ் பாட்டின் கனமான நடை, ஒன் பை ஒன் பாட்டின் சீற்றம், எட்டு நிமிடம் விரியும் பியாண்ட் தி நார்த் வேவ்ஸ். ஹோர்க்கின் டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. மெட்டல் கேட்கிற யாருக்கும் தயங்காமல் கொடுக்கக்கூடிய ஆல்பம். முதலிரண்டு இடத்துக்கு வராததற்கு ஒரே காரணம், இதில் நிலத்தைவிட அதில் நிற்கும் வீரர்கள் பெரிதாகத் தெரிகிறார்கள்.

மீதி இரண்டு. பெரிய சண்டையே இங்கேதான்.

இரண்டாவது இடம், 1993இன் ப்யூர் ஹோலோகாஸ்ட். பலர் இதைத்தான் முதலில் வைப்பார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எட்டுப் பாட்டு, முப்பத்து மூன்று நிமிடம். பெர்கனின் கிரீக்ஹாலன் இசையரங்கில், பிட்டன் என்று எல்லோரும் அழைக்கும் ஒலிப்பதிவாளரின் கையில் பதிவானது. நார்வேயின் இசைமேதை எட்வர்ட் கிரீக்கின் பெயர் தாங்கிய அரங்கம் அது. மேஹெம், எம்பரர் ஆகிய குழுக்களின் புகழ்பெற்ற ஆல்பங்களும் அங்கே பதிவானவைதான். அட்டைப்படத்தில் கிரிம் என்ற டிரம்மரும் நிற்கிறார், ஆனால் உள்ளே டிரம்ஸ் வாசித்தது அபாத். குரல், பேஸ், டிரம்ஸ் மூன்றும் அவர், கிட்டார் டெமோனாஸ். இரண்டே பேர் சேர்ந்து எழுப்பிய ஒலிச்சுவர் அது.

இந்த ஆல்பத்தில் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலின் விளிம்புக்கே போய்விடுகின்றன. கொஞ்ச நேரம் காது பழகிய பிறகு அந்த இரைச்சலுக்கு உள்ளே மெட்டுகள் மெதுவாக நகர்வது தெரியும். மேலே வேகம், அடியில் நிதானம். அன்சைலன்ட் ஸ்டார்ம்ஸ் இன் தி நார்த் அபிஸ், தி சன் நோ லாங்கர் ரைசஸ் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். புயல் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள். புயலுக்குள் இருக்கும்போது ஒரு சிக்கல் உண்டு: பத்தடி தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. மலை இருப்பது தெரியும், மலையைப் பார்க்க முடியாது.

புயல் ஓய்ந்து வானம் தெளிந்தபோது தெரிந்த மலைதான் என்னுடைய முதலிடம். 1999இன் அட் தி ஹார்ட் ஆஃப் வின்டர்.

இந்த ஆல்பம் ஒரு இழப்பில் பிறந்தது. விடாமல் அதிவேகமாக வாசித்த டெமோனாஸுக்குக் கையில் கடுமையான தசைநாண் அழற்சி வந்தது. 1997க்குப் பிறகு அந்த வேகத்தில் அவரால் வாசிக்க முடியவில்லை. ஒரு குழுவின் ஒரே கிட்டாரிஸ்ட் கிட்டார் வாசிக்க முடியாமல் போனால் குழு கலைவதுதான் வழக்கம். இவர்கள் கலையவில்லை. டெமோனாஸ் பாட்டெழுதுகிறவராகக் குழுவிலேயே இருந்தார். அபாத் கிட்டாரை எடுத்துக்கொண்டார், பேஸும் அவரே வாசித்தார். டிரம்ஸுக்கு ஹோர்க். பதிவும் பெர்கனில் நடக்கவில்லை, சுவீடனில் பீட்டர் டேக்ட்கிரெனின் அபிஸ் ஸ்டுடியோவில் நடந்தது.

விளைவு என்ன? மொத்தம் ஆறே பாட்டுகள், எதுவுமே ஆறு நிமிடத்துக்குக் குறையாது. வேகம் இருக்கிறது, ஆனால் ரிஃப்களுக்கு நடுவில் இடமும் இருக்கிறது. பழைய ஹெவி மெட்டலின் விரிந்த மெட்டுகளும் த்ராஷ் மெட்டலின் வெட்டும் பிளாக் மெட்டலின் குளிரும் ஒன்றாகக் கலந்துவிட்டன. மவுண்டன்ஸ் ஆஃப் மைட் பாட்டில் ஒளிந்திருப்பதாகச் சொன்னேனே, அந்த நடைதான் இங்கே முழு ஆல்பமாக வளர்ந்து நிற்கிறது. முன்பெல்லாம் அட்டைகளில் சாயம் பூசிய முகங்களோடு அவர்களே நிற்பார்கள். இந்த அட்டையில் ஆளே இல்லை, பனி சூழ்ந்த கோட்டை ஒன்றின் ஓவியம் மட்டும். நிலம் முன்னால் வந்தது, வாசிப்பவர்கள் பின்னால் போனார்கள். இசையிலும் அதேதான் நடந்தது.

விட்ஸ்டாண்ட் தி ஃபால் ஆஃப் டைம் பாட்டின் நடுவில் வேகம் சட்டென்று அடங்கி, கிட்டார் ஒரு நீண்ட மெட்டைப் பிடித்துக்கொண்டு ஏறும் இடம் ஒன்று உண்டு. சோலர்ஃபால் பாட்டின் ரிஃப் முதல் தடவையிலேயே மனசில் ஒட்டிக்கொள்ளும். தலைப்புப் பாட்டு மெல்லிய கிட்டாரும் கீபோர்டுமாகத் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கும், அப்புறம் முழுக் குழுவும் உள்ளே வரும்போது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெண்மை. எத்தனையோ தடவை கேட்ட பிறகும் அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

வேகம் குறைந்ததால் இது அசல் பிளாக் மெட்டல் ஆகாது என்று வாதாடுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நார்வேயின் பிளாக் மெட்டல் 1993இன் ஒலியிலேயே நின்றிருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். டெமோனாஸின் வரிகள் கேட்டதோ இன்னும் பெரிய வெளியை. அந்த வரிகளுக்குப் போதுமான அகலமுள்ள இசை முதல் தடவையாகக் கிடைத்தது இந்த ஆல்பத்தில்தான். வாசிக்க முடியாமல் போன மனிதர் எழுதிய சொற்களுக்கு, அவருடைய நண்பர் அவருடைய வாத்தியத்தையே எடுத்து மெட்டமைத்திருக்கிறார் என்பதும் இதில் அடக்கம்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் சன்ஸ் ஆஃப் நார்தர்ன் டார்க்னெஸில் தொடங்குங்கள், காதுக்கு அதுதான் சுலபம். அடுத்து அட் தி ஹார்ட் ஆஃப் வின்டர். இந்த இரண்டும் பழகிய பிறகு ப்யூர் ஹோலோகாஸ்ட் பக்கம் போங்கள். முடிந்தால் நல்ல ஹெட்ஃபோனில், ஒரே உட்காரலில், பாட்டுகளைத் தாண்டாமல் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.