கரண்டி ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால்

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகவிருக்கும் பிள்ளைகள் பலர் இங்கே இருக்கிறீர்கள். "பாடம் ஆங்கிலத்தில்தானே, அந்த நாட்டு மொழி எதற்கு?" என்று வாசலில் ஒரு தம்பி கேட்டார்.

என் தங்கையின் மகளும் ஜேர்மனிக்குப் போகும்போது அப்படித்தான் நினைத்தாள். முதுமாணிப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரே சமையலறை. இவள் மேசையில் இருந்தால் எல்லோரும் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். சோற்றைப் பார்க்க அடுப்புப் பக்கம் திரும்பினால் பேச்சு ஜேர்மனுக்குப் போய்விடும். பெரிய சிரிப்பெல்லாம் அப்போதுதான் வரும். அந்தச் சிரிப்பில் தானும் சேரவேண்டும் என்றுதான் வகுப்புக்குப் போனாள்.

சமையலறை லாச்சியில் காகிதம் ஒட்டிப் படித்தாளாம். ஜேர்மனில் கரண்டி ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை: டெர் லொஃபெல், டீ காபெல், டாஸ் மெஸ்ஸர். எங்களுக்கு மூன்றும் அஃறிணை, கதை முடிந்தது!

கனடாவின் மொன்றியலில் பிரெஞ்சு படித்த மாணவர்களை ஆராய்ந்து 1959 இல் எழுதிய கார்ட்னரும் லம்பர்ட்டும், வேலைக்காகக் கற்பது வேறு, அந்த மக்களோடு பழகும் ஆசையில் கற்பது வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். 2005 இல் மொழி கற்கும் ஆர்வத்தை ஆராய்ந்த சோல்டான் டோர்ணெய் இன்னும் உள்ளே போனார்: மொழி கற்பவரின் மனத்தில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். நான் ஆக விரும்பும் ஆள் ஒருவர், மற்றவர்களுக்காக நான் ஆகவேண்டிய ஆள் இன்னொருவர்.

அந்த இரண்டாவது ஆளைக் கொழும்புத் தமிழருக்கு நன்றாகத் தெரியும். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் எங்கள் தகப்பன்மார் உத்தியோகத்தைக் காப்பாற்றச் சிங்களச் சோதனை எழுதினார்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987 இல்தான். படிவம் நிரப்பும் அளவுக்குச் சிங்களம் வந்ததும் பலர் அதோடு விட்டுவிட்டார்கள். ஆனால் வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர்களின் சிங்களத்தைக் கேட்டுப் பாருங்கள். பகிடி விடுவார்கள், சண்டை பிடிப்பார்கள், தாலாட்டும் பாடுவார்கள்.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜேர்மனியில் பட்டம் முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். மொழியை அதுவரை தள்ளிப்போட்டால் பெரும்பாடு. ஆனால் விசா தாளுக்காக மட்டும் தொடங்காதீர்கள், பிள்ளைகள்.

இப்போது என் தங்கையின் மகள் துருக்கி மொழியும் படிக்கிறாள். எந்த வேலைக்கும் அதை யாரும் கேட்கவில்லை. அறைத்தோழி துருக்கிக்காரி, அவ்வளவுதான். போன கிழமை அந்தத் துருக்கிப் பிள்ளை தொலைபேசியை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, "மாமா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டது.